அஹ்லத் மையவாடியில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும்.

துருக்கியில், வான் ஏரிக்கரையில் இருக்கும் அஹ்லத் ஊர்க்காரர்களுக்கு இந்த மடல். உங்கள் ஊரின் பழைய மையவாடியை, அதாவது அடக்கத்தலத்தை, பார்க்க வந்த எனக்கும் என் உம்மாவுக்கும் நீங்கள் உதவினீர்கள். உங்களில் ஒருவர் பெயரையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அடையாளம் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மனதில் இருப்பதைத் தமிழில்தான் சொல்ல வரும். அன்று எங்களுக்குக் கைபேசியில் மொழிபெயர்த்துச் சொன்ன கல்லூரித் தம்பி இதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன்.

முதலில் மினிபஸ் அண்ணனுக்கு. பக்கத்து ஊரான தத்வானில் நாங்கள் முன்பணம் கட்டியிருந்த கார் வரவே இல்லை. எட்டு மணியிலிருந்து பத்தரை வரை தெருவோரம் நின்றோம். என் உம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது, முழங்கால் வலி வேறு. நீங்களாக வண்டியை நிறுத்தி "மெஸார்லிக்?" என்று கேட்டீர்கள். எனக்குப் புரியவில்லை. உம்மாவுக்கு, அடக்க இடத்தைக் குறிக்கும் மஸார் என்ற சொல் மட்டும் பிடிபட்டது, உடனே தலையாட்டிவிட்டார்கள். முன்சீட்டில் இருந்த பையனை எழுப்பிப் பின்னால் அனுப்பி, உம்மாவை அங்கே உட்கார வைத்தீர்கள். மற்றவர்களிடம் வாங்கிய அதே கட்டணத்தைத்தான் எங்களிடமும் வாங்கினீர்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று பயணம் போகிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் மையவாடி வாசல். அங்கே நடந்ததைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. வாப்பா மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர்கள் உடலைச் சுமந்த சந்தூக்கு வீட்டு வாசலைத் தாண்டிய அன்றோடு சரி, உங்கள் ஊருக்கு வந்த அன்று வரை வாப்பாவை அடக்கிய இடத்தை உம்மா பார்த்ததில்லை. நான் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தால், "புல்லு வெட்டியிருக்கா? மீசான் கல்லு நேரா நிக்குதா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான். அஹ்லத்திலும் அதே நினைப்பில், "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கே இருக்கேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், பூப்போட்ட முக்காடு போட்ட அம்மா. கூடவே உங்கள் மகள்கள் இருவர், பையில் ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் தேநீரும். உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்தீர்கள், உங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போவது போல உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள். உம்மா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய வரை கற்கள். 12ஆம் நூற்றாண்டிலிருந்து அடக்கமானவர்கள் அங்கே இருக்கிறார்கள். காஜிகள், ஆலிம்கள், அமீர்கள், வயது வராத பிள்ளைகள். சில கற்கள் மூன்று மீட்டருக்கும் மேலே உயரம். நெம்ருத் எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான செம்பழுப்புக் கல். ஒரு பக்கம் அரபி எழுத்து, மறுபக்கம் இடைவெளியே இல்லாத பின்னல் வேலை. உம்மா அதைத் தடவிப் பார்த்து, "பாய் முடைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்கள். சில கற்களில் பள்ளிவாசலில் தொங்குவது போன்ற விளக்கு, சிலவற்றின் உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன் தலைகள். மையவாடியில் இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

காவல்காரப் பெரியவரே, நீங்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பியதை மறக்கவே மாட்டேன். ஸலாம் சொல்லிவிட்டு துஆவுக்குக் கையேந்தியபோது, பழக்கத்தில் மேற்கே பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கு. மையித்துக்குத் தலைமாடு வடக்கே. உங்கள் ஊரில் கிப்லா தெற்கு, தலைமாடு மேற்கே. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தெற்கே திருப்பிவிட்டு, பக்கத்தில் நின்று நீங்களும் கையேந்தினீர்கள். பிறந்ததிலிருந்து மேற்கே தொழுத எனக்கு, அந்தக் கால் வட்டத் திருப்பத்தில்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

கல் தச்சர் உஸ்தாவுக்கு நான் தனியாகவே கடன்பட்டிருக்கிறேன். விழுந்த கல்லை நிமிர்த்துவது, கல்லைத் தின்னும் பாசியைச் சுரண்டாமல் எடுப்பது என்று உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. இருந்தாலும் ஒரு மணி நேரம் எங்களோடு நடந்தீர்கள். வெட்டி எடுக்கும்போது இந்தக் கல் மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டு இறுகும் என்று சொல்லி, புதுத்துண்டு ஒன்றில் என்னையே உளியால் ஒரு கோடு இழுக்க வைத்தீர்கள். செதுக்கியவர் தன் பெயரைப் பொறித்த இடத்தைக் காட்டியபோது உங்கள் குரலே மாறிவிட்டது, சொந்தத் தாத்தா பெயரைச் சொல்வது போல. திவ்ரியி என்ற ஊரில் 1228-29இல் எழுந்த பெரிய பள்ளிவாசலைக் கட்டிய ஹுர்ரம்ஷாவும் அஹ்லத்காரர்தான் என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் ஊர்க் கல்வேலையை யுனெஸ்கோ 2022இல் உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்ததையும் சொன்னீர்கள். நான் வாழ்த்துச் சொன்னேன். "உடனடியாக என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்" என்று பதில் சொன்னீர்கள். தம்பி அதை மொழிபெயர்க்கச் சற்று யோசித்தார்.

நாங்கள் கபுருக்கு நடும் கல்லை மீசான் என்போம், அரபியில் தராசு என்று பொருள் என்றேன். நீங்கள் அதை ஷாஹிதே என்பதாகவும், சாட்சி நிற்கும் கல் என்றும் சொன்னீர்கள். எங்கள் ஊரில் நிக்காஹ்வுக்கு வந்து நிற்கும் சாட்சியும் ஷாஹித்துதானே. அதைக் கேட்டதும் உம்மா, "அவங்க ஊர்க் கல்லு பேசுது, நம்மூர்க் கல்லுல எழுத்தே இல்ல" என்றார்கள். வாப்பாவின் மீசானில் பெயர் கிடையாது. தம்பி இதையும் சொல்லிவிட்டார். உஸ்தா, நீங்கள் தலைமாட்டில் எழுத்தில்லாத சின்னக் கற்களாகப் பார்த்து மூன்று நான்கு இடங்களுக்கு உம்மாவைக் கூட்டிப்போய், ஒவ்வொன்றின் முன்பும் நின்று ஃபாத்திஹா ஓதினீர்கள். பெரிய கற்களைப் பார்க்க வந்தவர்கள் நாங்கள். உம்மா ஊரில் எல்லோரிடமும் சொல்வது அந்தச் சின்னக் கற்களைப் பற்றித்தான்.

மத்தியானம் முக்காடு போட்ட அம்மா புல்லில் துணி விரித்தார்கள். ரொட்டி, வெள்ளைப் பாலாடைக் கட்டி, சின்னக் கண்ணாடிக் குவளையில் கடுந்தேநீர். பக்கத்தில் இருந்தது அவர்களுடைய உறவினர் கபுர் இல்லை, எந்த நூற்றாண்டுக்காரரோ. உம்மாவும் அவர்களும் ஒரே பாஷையில் பேசுவது போல ஒரு மணி நேரம் பேசினார்கள், ஒருவர் தமிழிலும் மற்றவர் துருக்கியிலும். நடுவில் உம்மா அழுதார்கள். வாப்பா மவுத்தான அன்று வீட்டில் ஆள் நிறைந்திருந்ததால் அழ முடியாத அழுகை அது. நான் எழுந்து போகப் பார்த்தேன், மூத்த மகள் கையமர்த்தி என்னைத் தடுத்தார். அம்மா உம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "அல்லாஹ் ரஹ்மெத் எய்லெசின்" என்றார்கள். அல்லாஹ் அருள் செய்யட்டும் என்ற அந்த துஆவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் உம்மாவுக்காக ஜமாஅத்துப் பெரியவர்களிடம் பேசினேன். மையவாடியின் கிழக்குச் சுவரை ஒட்டி நின்று பார்க்கலாம் என்றார்கள். அங்கிருந்து வாப்பாவின் மீசான் தெரிகிறது. மாதம் ஒருமுறை போகிறோம்.

கடைசியாகத் தேநீர்க்கடைத் தாத்தாவுக்கு. உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து உங்கள் வால்நட் மரக் கைத்தடியை நீட்டினீர்கள். பேருந்து ஏறும்போது திருப்பிக் கொடுத்தோம். வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். அந்தத் தடியை ஊன்றிக்கொண்டுதான் உம்மா அந்தச் சுவர் வரை நடக்கிறார்கள். அடியில் இருந்த ரப்பர் போன மாதம் தேய்ந்துவிட்டது, புதிது போட்டிருக்கிறோம். தடி நன்றாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்கள்.