மண்சரிவு எச்சரிக்கையும் முந்தைய நாள்களின் மழையும்

ஆசிரியர் அவர்கட்கு,

மழைக்காலம் வந்துவிட்டால் வானொலியிலும் கைபேசியிலும் நாம் கேட்டுப் பழகிவிட்ட எண்கள் மூன்று. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டியும் மழை தொடர்ந்தால் விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேறுங்கள். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்காக வகுத்திருக்கும் இந்தப் படிகள் எவருக்கும் விளங்கக்கூடியவை. அவற்றைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆயினும், தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கொரு கேள்வி உண்டு: நேற்றும் அதற்கு முன்தினமும் பெய்த மழை எங்கே போயிற்று?

அதில் ஒரு பங்கு கான் வழியே ஆற்றுக்கு ஓடிவிடுகிறது. ஒரு பங்கைத் தேயிலையும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது மண்ணுக்குள் இறங்கிப் பாறையில் தட்டி நிற்கிறது. சரிவிலுள்ள மண்ணைப் பிடித்துவைத்திருப்பதில் துணிக்கைக்கும் துணிக்கைக்கும் இடையிலான உராய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தத் தொடங்கினால் அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே மலை சரிவது இன்றைய மழையால் மட்டுமன்று, உள்ளே நிற்கின்ற நீராலும்தான்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நேற்று மண்ணில் நின்ற நீரில் பத்தில் ஒன்பது பங்கு இன்றும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்பங்கு இடத்துக்கிடம் மாறும். நாளொன்றுக்கு 70 மில்லிமீற்றர் வீதம் ஐந்து நாள் மழை பெய்தால், மண்ணின் கணக்கில் முதல்நாள் 70, இரண்டாம்நாள் 133, பின்னர் ஏறத்தாழ 190, 241, ஐந்தாம்நாள் 287 என்று ஏறும். அந்த ஐந்து நாளில் ஒருநாளேனும் 75 என்ற கோட்டை மழை தொடவில்லை. மறுபுறம், இரண்டு கிழமை காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே மாலையில் 80 பெய்தால் எச்சரிக்கை வந்துவிடும். இவ்விரண்டில் எந்தச் சரிவின் கீழ் படுத்துறங்க நான் அஞ்சுவேன் என்று சொல்லத் தேவையில்லை. (2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டியபோது கணக்குப் பார்க்கவே வேண்டாத அளவுக்கு மழை கொட்டியது, அது வேறு. நான் சொல்வது நாள்கணக்கில் விடாமல் பெய்யும் மழையைப் பற்றி.)

இது புதிய யோசனையுமன்று. ஜப்பானிய நீரியலாளர் சுகவாரா, நிலத்தைப் பக்கத்திலும் அடியிலும் துளையிட்ட தொட்டியாகப் பாவித்து ஒரு கணித மாதிரியுருவை வகுத்தார். அடித்துளை வழியே நீர் கீழே இறங்கும். பக்கத்துளை வழியே ஆற்றுக்குப் போகும். அந்நாட்டு வானிலை முகவரகம் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த அத்தகைய மூன்று தொட்டிகளில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைக் கணித்தே மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் துளையின் அளவை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் பெய்யும் வட்டவளைப் பக்கத்து மலையும், பெரும்பகுதி மழையை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே பெறும் பசறை, லுணுகலைப் பக்கத்து மலையும் ஒரே தொட்டியல்ல. 75 மில்லிமீற்றர் முன்னதற்குப் பழகிய மழை, பின்னதற்கு அப்படியன்று. ஒவ்வொரு சரிவின் துளையையும் அந்தந்த இடத்து மழைக் கணக்கைக் கொண்டுதான் அளவிட வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மிடம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். வெள்ளைக்காரர் காலம் தொட்டுத் தோட்ட ஆபிஸ் வாசலில் செப்புப் புனலுடன் ஒரு மழைமானி நிற்கும். கிளாக்கர் காலையில் அளந்து அங்குலக் கணக்கில் பதிவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) பழைய பதிவேடுகளைப் பார்க்கக் கேட்டேன். பழைய சாக்குகளோடு களஞ்சியத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். பாதியைக் கறையான் தின்றுவிட்டது, மீதியை அடுத்த துப்புரவில் எரிக்க இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. மழை விட்ட மறுநாளிலிருந்து பீலியில் (மலை ஊற்றுநீர் விழும் குழாயில்) ஒரு வாளி நிரம்ப எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகும். அதைக் கடிகாரம் வைத்துக் குறித்துவந்தால், மலை தன் நீரை எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதை, மேலே நான் வைத்துக்கொண்ட அந்தப் பத்தில் ஒன்பதை, ஒரு மதிப்பீடாகவேனும் எடுத்துவிடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இது.

கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் எச்சரித்தும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் தொழிலாளர் லயங்கள் புதைந்தனவே, மாதிரியுரு வந்து என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, போக வீடில்லாதவனுக்குக் கணக்கு வீடு கட்டித் தராது. ஆனால் பிரதேச செயலகப் பிரிவு முழுமைக்கும் ஒரே எச்சரிக்கை விடுத்து, ஒன்றும் நடக்காமல் போய், சனங்கள் சலித்துப்போகும் நிலையையாவது அது குறைக்கும். தோட்ட நிர்வாகங்கள் எஞ்சியுள்ள மழைப் பதிவேடுகளை எரிக்காமல் ஒப்படைக்கவும், உரிய நிறுவனங்கள் அவற்றை வைத்து தோட்ட டிவிஷன் வாரியாக மண்ணின் நீர்க்கணக்கை எடுத்து, நாளாந்த எண்ணோடு சேர்த்துத் தமிழிலும் அறிவிக்கவும் வேண்டும். களஞ்சியத்தில் நான் கண்ட பதிவேடுகளில் கறையான் விட்டுவைத்த பக்கங்களை அன்றே படம் பிடித்துக்கொண்டேன். கேட்பவருக்குத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வட்டவளை.