மாடி அறைக்கு என்ன கூரை, வசந்தி?

திருவான்மியூர்,
சென்னை.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்கு அம்மை போட்டிருந்தது, அதனால்தான் பதில் எழுதவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. இப்போது ஓடியாடி விளையாடுகிறாள். டெல்லியைக் காலி செய்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கொட்டிவாக்கம் வீட்டுக்கே வந்துவிடப் போகிறீர்கள் என்று படித்ததும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். முப்பது வருஷம் கழித்து நீ கூப்பிடு தூரத்தில் இருக்கப்போகிறாய்!

மாடியில் ஓர் அறை எடுக்கப்போவதாகவும், தகர ஷீட் போட்டு உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடித்தால் பாதிச் செலவில் முடியும் என்று காண்ட்ராக்டர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். கொத்தனார் மகளாயிற்றே என்று என்னைக் கேட்கிறாய். நேராகவே சொல்கிறேன்: படுத்துத் தூங்குகிற அறைக்கு அங்கே ஷீட் வேண்டாம்டி.

எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு ஷீட் கொட்டகை இருந்தது, நினைவிருக்கிறதா? 2016 டிசம்பர் 12 மத்தியானம் வர்தா புயல் கரையைக் கடந்தபோது அது போய்விட்டது. முதலில் தடதடவென்று யாரோ மேலே ஓடுவதுபோலச் சத்தம். அப்புறம் ஒரே இழுப்பு. எதிர்வீட்டு முருங்கை மரத்தை முறித்துக்கொண்டு அவர்கள் காம்பவுண்டுக்குள் விழுந்தது. அந்த நேரம் அங்கே யாரும் நிற்காதது தெய்வச் செயல். மறுநாள் மேலே போய்ப் பார்த்தேன். இரும்புச் சட்டம் அப்படியே நிற்கிறது, ஸ்குரூகூட ஒன்றும் கழன்றுவரவில்லை. ஒவ்வொரு ஸ்குரூவின் வாஷருக்கு அடியிலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி ஷீட் அதைச் சுற்றிக் கிழிந்துகொண்டு பறந்திருக்கிறது. கடற்காற்றின் உப்பு ஸ்குரூ போட்ட துளையிலும் வெட்டிய விளிம்பிலும்தான் முதலில் துருவைக் கொண்டுவருகிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

புயல் கூரையை மேலிருந்து அழுத்தி உடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கூரைக்கு மேலே வேகமாகப் போகிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. ஓரத்திலும் மூலையிலும்தான் அந்த இழுப்பு அதிகம். எங்களுக்குப் போட்டவர் நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளியில் ஸ்குரூ அடித்திருந்தார். வெயில் விழாமலிருக்கட்டும் என்று ஷீட்டை இரண்டடி வெளியே நீட்டியும் விட்டிருந்தார். காற்று அடியில் புகுந்து தூக்க அதுவே வழியாகிவிட்டது.

மங்களூர் ஓடு அழகுதான், வெக்கையும் குறைவு. ஆனால் ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டி, முகட்டைக் கலவையில் பதிக்கிற ஆள் இப்போது கிடைப்பது அரிது. ஆஸ்பெஸ்டாஸ் பக்கமே போகாதே. அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கிற தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கான்கிரீட்டே போடு. கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டை, வைக்கிறார்களா என்று நின்று பார். கடலோரத்தில் அது இல்லாவிட்டால் சில வருஷத்திலேயே கம்பி துருப்பிடித்து ஊதி, சீலிங் பொரிந்து விழும். போர் தண்ணீர் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்கிக் கலக்கச் சொல். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதிலும் அவசரம் கூடாது.

அதற்கு மேலேதான் உன் அறையின் சுகமே இருக்கிறது. வெறும் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும். பதினொரு மணிக்கு ஃபேன் போட்டால் அனல் இறங்குமே, அது இதனால்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அன்று ராத்திரி நாங்கள் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மூன்று அங்குலம் வெதரிங் கோர்ஸ் போட்டு, மேலே தட்டோடு பதித்தால் அந்த அனல் எவ்வளவோ அடங்கும்.

அப்பா அதைப் போடுவதைச் சின்ன வயதில் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். முந்தின நாளே கடுக்காயை உடைத்துத் தொட்டியில் ஊறப்போடுவார். மறுநாள் அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், வெல்லமும் கரைப்பார். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரக்கட்டையால் ஜல்லியைத் தட்டிக்கொண்டே நகர்வார்கள். ஒருத்தி பாட்டு எடுத்துக்கொடுப்பாள், தட்டும் தாளமும் சேர்ந்துவிடும். கட்டை பட்டுத் தெறிக்கும் வரை, அதாவது அடியில் இறுகும் வரை, நாள்கணக்கில் தட்டினார்கள். அப்பா கட்டை விழும் ஓசையைக் கேட்டே எங்கே இன்னும் இளக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

உன் காண்ட்ராக்டர் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போடலாம் என்பார். சம்மதிக்காதே. வெயிலில் தளம் விரியும், மழையில் சுருங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும், சிமென்ட் வெடிப்பு விடும். அந்த வெடிப்பில்தான் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்குகிறது. தண்ணீர் வடிய வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். குழாய் நாலங்குலத்தில் இரண்டு வை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் ஒற்றைக் குழாயில் வேப்பிலை அடைத்து மாடி குளமாகிவிட்டது. இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை விட்டு எடுத்தார். தட்டோட்டின் மேல் வெள்ளை பெயின்ட்டும் அடித்துவிடு. அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், சித்திரையில் கால் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

பணம் முட்டினால் அறையைச் சின்னதாக்கு, கூரையில் குறைக்காதே. துணி காயப்போடும் இடத்துக்கு மட்டும் ஷீட் போட்டுக்கொள். ஓரத்தில் ஸ்குரூவை நெருக்கி அடிக்கச் சொல், வெளியே அதிகம் நீட்டாதே, வருஷா வருஷம் புரட்டாசியில் வாஷரை ஒருமுறை பார்த்துவிடு.

சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் மயிலாப்பூரில் இருக்கிறார். அப்பாவிடம் சின்னப் பையனாக வேலைக்கு வந்தவர். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் மகனை அனுப்பித் தானும் வந்து நிற்பதாகச் சொன்னார். நீ பிளானை போட்டோ எடுத்து அனுப்பு, குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் போடும் முன்னால் எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடு, நானே வந்து பார்க்கிறேன்.

அண்ணாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சாரதா