புதுச்சேரி கைமாறிய ஒப்பந்தத்தைத் தமிழில் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
தலைமைச் செயலர் அவர்கள்,
புதுச்சேரி அரசு, தலைமைச் செயலகம், புதுச்சேரி.

பொருள்: பிரெஞ்சு ஆட்சி விலகியபோது இரு அரசுகளும் செய்துகொண்ட 1954 உடன்பாட்டையும் 1956 உடன்படிக்கையையும் தமிழில் வெளியிடுதல், பிரான்சிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலையும் நகல்களையும் கேட்டுப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 1957-இல் வில்லியனூரில் பிறந்தவன். அப்போது ஊரில் பறந்தது இந்தியக் கொடி. சட்டப்படி நான் பிரெஞ்சுக் குடிமகன். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16 அன்று, எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, ஓர் எழுத்தும் எழுதாமல், ஒரு கையெழுத்தும் போடாமல் இந்தியக் குடிமகன் ஆனேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, மகிழ்ச்சிதான். என்னை மாற்றிய அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் என் அப்பா சாகும்வரை படித்ததில்லை. அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தமிழில் யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இந்த மனு ஏன் என்பது விளங்கும். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். பெரியப்பா இளவயதிலேயே வியட்நாமில் உள்ள சைகோனுக்குக் கப்பல் ஏறி, அங்கே பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வில்லியனூரிலும் காரைக்காலிலும் அப்படிப் போனவர் இல்லாத தெரு அன்று குறைவு. அப்பா நெல் வயலோடு இங்கேயே இருந்துவிட்டார். உடன்படிக்கை சொன்னது இது: இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள், வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இங்கே பிறந்து வேறு நாட்டில் குடியிருப்பவருக்கோ நேர்மாறு. அவர் பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார், இந்தியர் ஆக வேண்டுமானால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பாவும் ஒன்றும் எழுதவில்லை, அப்பாவும் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தகப்பன் வழி என்பதால் நாங்களும் அப்படியே பிரிந்தோம். ஆறு மாதக் கெடு 1963 பிப்ரவரி நடுவில் முடிந்தது. அப்படி ஒரு கெடு இருந்தது என்பதே அப்பாவுக்கு அது முடிந்த பிறகு, டீக்கடையில், சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் இந்தியராகத்தான் இருந்திருப்பேன் என்று அப்பா பின்னாளில் சொல்வார். ஆனால் "அந்த முடிவை நான் எடுக்கல, எனக்கு ஆயிடுச்சு" என்றும் சேர்த்துச் சொல்வார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது.

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணை விட்டுப் போவதென்றால் கொடியை இறக்கிக் கப்பல் ஏறுவது என்றுதான் நம் பள்ளிப் பாடங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. நானும் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. 1948 ஜூனிலேயே, இந்தப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யட்டும் என்று இரு அரசுகளும் ஒத்துக்கொண்டன. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் மக்கள் 1949-இல் வாக்களித்துப் பிரிந்தார்கள்; அவர்களுக்கு 1951-இல் தனி உடன்படிக்கை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற மற்ற நான்கு பகுதிகளில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. சுங்கச் சாவடி, கெடுபிடி, ஊர்வலம், தடியடி என்று எல்லாம் ஊர் பார்த்தது. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தலைவராக இருந்த எதுவார் குபேர் போன்றவர்களே பக்கம் மாறினார்கள், நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சுக் கையை விட்டுப் போயின. பாரீசில் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமராக வந்த பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. அக்டோபர் 18 அன்று எங்கள் உள்ளாட்சிப் பகுதியான கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. மூன்றே நாளில், 21-ஆம் தேதி, டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, அதுவரை இங்கே இந்தியாவின் தலைமைத் துணைத் தூதராக இருந்த கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது அந்த உடன்பாட்டின் வயிற்றுக்குள் இருப்பது. அதில் வீரமோ முழக்கமோ இல்லை, எல்லாம் அன்றாடக் கவலைகள்தாம். மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வேலை பார்க்கும் குமாஸ்தாவின் சம்பளமும் ஓய்வூதியமும் என்ன ஆகும்? பிரெஞ்சுப் பட்டம் வாங்கிய வைத்தியரும் வழக்கறிஞரும் தொழிலைத் தொடரலாமா? நடந்துகொண்டிருக்கும் வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும்? பிரெஞ்சுக் கல்லூரியை யார் நடத்துவது? எந்தக் கட்டடம் யாருக்கு? பிரெஞ்சு மொழி எதுவரை ஆட்சிமொழி? (மக்களின் பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும்வரை என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.) கூட்டுக் குடும்பம் பாகம் பிரிக்கும்போது அண்டா, குத்துவிளக்கு வரை எழுதுவார்களே, அந்த மாதிரி. கோவாவில் போர்ச்சுகல் பேசவே மறுத்ததால் 1961 டிசம்பரில் ராணுவம் போக வேண்டியிருந்தது. இங்கே எட்டு ஆண்டுகள் காகிதம்தான் வேலை செய்தது. 1956 மே 28-இல் பிரதமர் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றுக்கொள்ள 1962 வரை ஆனது. அதற்குப் பிரான்ஸ் நடத்திவந்த அல்ஜீரியப் போர் முடிய வேண்டியிருந்தது. என்னை ஐந்து வயது வரை பிரெஞ்சுக்காரனாக வைத்திருந்தது அல்ஜீரியா என்று என் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

படிக்காத காகிதத்துக்காக நாங்கள் தெருவிலும் இறங்கியிருக்கிறோம். 1979 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தது. ஊரே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "ஒப்பந்தத்தை மீறாதே" என்று நானும் கத்தினேன். இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்று உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அன்று என்னோடு கத்திய எவரும் அந்தப் பிரிவைப் பார்த்ததில்லை. நானும்தான். முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அதுவும் ஆங்கிலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மாநிலத் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை சட்டமன்றத்தில் வரும்போதெல்லாம் இதே ஒப்பந்தத்தை எல்லாக் கட்சியினரும் எடுத்துப் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களிடம் சரிபார்க்கப் பிரதி இல்லை.

சரி, இது பழங்கதை என்று தள்ளிவிடலாமா என்றால், முடியவில்லை. எங்கள் நிலத்தின் பழைய பத்திரம் நோத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் அலுவலர்) கையால் பிரெஞ்சில் எழுதியது. அதை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி வாருங்கள் என்றார்கள். மொழிபெயர்ப்புக்குக் கேட்ட தொகை என் அந்த மாதப் பென்ஷனில் பாதி. இன்னொரு முறை அப்பா முத்துவின் பிறப்புப் பதிவில் சிக்கல். எத்தா சிவில் (பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு) ஏட்டில் பிரெஞ்சு முறைப்படி 'உ' என்ற ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் முத்து வேறு, ஏட்டில் இருக்கும் முத்து வேறு என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். இருவரும் ஒரே அப்பாதான் என்று நிரூபிக்க ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

பிரியும்போது ஏடுகளை எப்படிப் பங்கிடுவது என்பதையும் இரு அரசுகளும் எழுதி வைத்தன. வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் பிரான்சிடம் இருக்கும். நிர்வாகத்துக்கு வேண்டியவை இந்தியாவிடம் இருக்கும். தன்னிடம் உள்ளவற்றின் பட்டியலை ஒருவர் மற்றவருக்குத் தர வேண்டும், மற்றவருக்கு வேண்டியவற்றின் நகலையும் தர வேண்டும். பேரம் பேசிப் பெற்ற நல்ல ஏற்பாடு இது. எது வரலாறு, எது நிர்வாகம் என்ற கோட்டைப் போட்டவர்களுக்கு, என் தாத்தாவின் விற்பனைப் பத்திரம் 2020-களில் நிர்வாகமாகத் திரும்பி வரும் என்று தோன்றியிருக்காது. அந்தப் பட்டியல் நமக்கு வந்ததா, வந்திருந்தால் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். என் மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றப்பட்டது என்ற கடிதம் மூன்று முறை வந்தது. நான்காவது கடிதம் வரவில்லை.

ஆகவே, அந்தப் பட்டியலையும் நமக்கு வேண்டிய நகல்களையும் மத்திய வெளியுறவு அமைச்சகம் வழியாகப் பிரான்சிடம் கேட்டுப் பெற வேண்டுகிறேன். வெளிநாட்டோடு நேரடியாகக் கடிதம் எழுதுவது யூனியன் பிரதேசத்தின் வேலை அல்ல என்பது எனக்குத் தெரியும். டெல்லிக்கு எழுதுவது உங்கள் வேலைதான். பிரெஞ்சு இந்தியாவின் ஏடுகள் தென்பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளில் ஒரு பகுதியை அவர்களே இணையத்தில் ஏற்றியும் இருக்கிறார்கள். எனவே ரகசியம் என்று யாரும் மறுக்கப்போவதில்லை, கேட்க ஆள் இல்லை என்பதுதான் குறை. வரும் நகல்களை வைக்க இடமும் இருக்கிறது. இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் நம் ஊரிலேயே இருக்கிறதே.

அதைவிட எளிய வேலை மொழிபெயர்ப்பு. 1954 உடன்பாடு, 1956 உடன்படிக்கை, அதன் இணைப்புகள், எல்லாம் சேர்த்தாலும் ஒரு சிறு புத்தகம்தான். அரசே பொறுப்பேற்றுத் தமிழில் வெளியிட வேண்டும். மாஹேவுக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் தர வேண்டும், அவர்களும் இதே ஆறு மாதக் கெடுவில் மாட்டியவர்கள்தாம். தமிழில் பெயர்ப்பதற்குச் சட்டம் தெரிந்த ஒருவரும் பிரெஞ்சு தெரிந்த ஒருவரும் வேண்டும். சரிபார்க்கும் வேலையை நான் கூலி வாங்காமல் செய்கிறேன். ஒவ்வோர் ஆகஸ்ட் 16-லும் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறீர்கள். அந்த நாளில் வருகிறவர்கள் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால், அடுத்த ஆண்டுக்கும் அவர்கள் வருவார்கள். இப்போது இனிப்பு கொடுத்ததும் கலைந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. பழைய பிரெஞ்சுப் பத்திரத்தோடும் எத்தா சிவில் ஏட்டோடும் வருகிறவர்களுக்கு வாரம் ஒரு நாளாவது உதவ, பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒரு பணியாளரைக் கொம்யூன் அலுவலகங்களுக்கு முறைவைத்து அனுப்ப வேண்டும். பிரெஞ்சு படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள்.

தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கடற்கரையில் இருந்த மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டீர்கள், நன்றி. அதே ஈரக்காற்றில் இருக்கும் ஏட்டை அப்படித் திரும்பக் கட்ட முடியாது. அந்த ஆறு மாதத்தில் வயது வந்தவர்களாக இருந்து, கையெழுத்துப் போட்டவர்களும் போடாதவர்களும் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள். போன மார்கழிக்குப் பிறகு இரண்டு பேர்.

இம்மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேறு துறைக்கு மாற்றுவதாக இருந்தால், எந்தத் துறை, எந்த மேசை என்பதையும் குறிப்பிட்டால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வேன். பதில் தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அப்பாவின் பிறப்புப் பதிவு நகல், நிலப் பத்திர நகல் (பிரெஞ்சில்; மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை).