சாம்பல் கட்டமும் சிவப்புக் கேள்விக்குறியும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லாரும் நலம். அங்கே அத்தைக்கு முட்டிவலி தேவலையா? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

பள்ளி மலரில் படங்கள் சாம்பல் கட்டமாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தாய். உடனே பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடக் கிளம்பிவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்! வியூ மெனுவில் டிஸ்ப்ளே பெர்ஃபார்மன்ஸ் பார். ஃபாஸ்ட் என்றிருந்தால் சாம்பல் கட்டம்தான். டிப்பிக்கல் என்றால் மங்கலாகத் தெரியும். ஹை குவாலிட்டிக்கு மாற்று. அப்படியும் ஓரிரு படம் அடம்பிடித்தால், அவற்றுக்குத் தனி அமைப்பு ஒட்டியிருக்கிறது. அதே மெனுவில் கிளியர் ஆப்ஜெக்ட்-லெவல் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் கொடு, போய்விடும். இதெல்லாம் திரையோடு சரி. அச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்குக் கவலையெல்லாம் நன்றாகத் தெரிகிற படங்கள் மேல்தான். பிளேஸ் கொடுத்துப் பக்கத்தில் வைத்த படத்தை இன்டிசைன் முழுசாக உள்ளே வைத்துக்கொள்வதில்லை. படம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற முகவரி, திரைக்கு ஒரு சின்ன நகல், அவ்வளவுதான். நீ மலர் ஃபைலை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்துப்போனால் முகவரி அறுந்துவிடும். பக்கத்தில் படம் ஒழுங்காகத்தான் தெரியும். படங்களின் பட்டியல் இருக்கும் லிங்க்ஸ் பேனலில் மட்டும் சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி நிற்கும். வருகிற எச்சரிக்கையை மூடிவிட்டு பிடிஎஃப் எடுத்தால் அந்தச் சின்ன நகல்தான் அச்சுக்குப் போகும், திட்டுத்திட்டாக வரும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ரீலிங்க் கொடுத்து அசல் படத்தைக் காட்டு. மஞ்சள் முக்கோணம் என்றால் படத்தை யாரோ திருத்தியிருக்கிறார்கள். அப்டேட் லிங்க் போதும்.

அடுத்து, அதே பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ பார், பக்கத்தில் வைத்த அளவில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது அது. ஆக்சுவல் என்ற எண்ணை நம்பாதே. 300 உள்ள படத்தை 200 சதவீதத்துக்கு இழுத்தால் 150தான் மிச்சம். வெள்ளி ரதப் படம் 1600 பிக்சல் அகலம் என்றாய். ஏ4 முழு அகலத்துக்குப் பரப்பினால் 193தான் வரும். 300 வேண்டுமென்றால் 13.5 செண்டிமீட்டருக்கு மேல் இழுக்காதே. எடுத்தவரிடம் அசலைக் கேள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்.

ஆசிரியர்கள் வேர்டில் ஒட்டித் தந்த படங்களை அங்கிருந்து காப்பி பேஸ்ட் செய்யவே செய்யாதே. டாக்எக்ஸ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திற. வேர்ட் ஃபோல்டருக்குள் மீடியா என்று ஒன்று இருக்கும், படங்களெல்லாம் அதில் தனித்தனியாகக் கிடக்கும். இன்டிசைனில் கன்ட்ரோல் டி அழுத்தி (அதுதான் பிளேஸ்) அவற்றைக் கொண்டுவா.

பழைய தலைமையாசிரியர் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்... அதில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் இன்று நம்மோடு இல்லை, செல்வா. அதைப் போனில் படமெடுத்துப் போட்டுவிடாதே. ஸ்கேனரில் 600 டிபிஐ வை, அங்குலத்துக்கு 600 புள்ளி. இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 300 நிற்கும். முகம் முகமாகத் தெரிய வேண்டும்.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஃபைல் மெனுவில் பேக்கேஜ் கொடு. மலர், எழுத்துரு, படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேரும். பிடிஎஃபுக்கு பிரஸ் குவாலிட்டி. ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ் பக்கமே போகாதே. அந்த ஃபோல்டரை ஜிப் செய்து எனக்கும் அனுப்பு, சிவப்பு ஏதாவது மிச்சமிருந்தால் அன்றிரவே சொல்கிறேன்.

அன்புடன்,
மணி