பாலத்து இறக்கத்தில் அட்டை மாட்டிய மெக்கானிக் அண்ணனுக்கு

சென்னை வேளச்சேரி ராம் நகர், ஏஜிஎஸ் காலனி, விஜயநகர் பக்கமிருந்து டூவீலரில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து எழுதுவது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் வெள்ளம் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணே, தண்ணீர் வடிந்ததும் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஓர் அட்டையில் கரியால் எழுதி மாட்டினீர்களே, ‘செல்ஃப் போடாதீங்க, தள்ளிட்டு வாங்க’ என்று, அதற்குத்தான் இந்த மடல். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கையில் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினையே பிரிக்க வேண்டிவரலாம். பிரித்தால் உங்களுக்குத்தான் வருமானம். இருந்தும் எழுதி மாட்டினீர்கள்.

வரிசையில் நின்ற வண்டிகளுக்கு நீங்கள் செய்ததை எழுதி வைத்திருக்கிறோம். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பத்துப் பதினைந்து கிக். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சும், முகத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்து, புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டர் முறுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். ஸ்கூட்டருக்கு ஒரு தடவைக்கு முக்கால் லிட்டர் போதும். இரண்டாவது முறை ஊற்றக் கஞ்சப்பட்டால் பேரிங் போய்விடும். காகித ஏர் ஃபில்டரைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால், அதன் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூவைத் திருகித் தேங்கியதை வடிக்கணும். இன்ஜின் இரைந்தும் ஸ்கூட்டர் நகரவில்லையா? பெல்ட் நனைந்து வழுக்குகிறது. மூடியைக் கழற்றிச் சேற்றைத் துடைக்கணும். கடைசியில் பிரேக் டிரம். இதைப் பலரும் மறந்துவிடுவார்கள். உள்ளே சேறு இருந்தால் முதல் சிக்னலில் வண்டி நிற்காது.

மேம்பாலத்தில் நிறுத்திய கார்களை விரட்டாமல் விட்டவர்கள், படகோடு வந்த மீனவர்கள், முழங்கால் தண்ணீரிலும் பஸ்ஸை ஓட்டியவர்கள், திறந்த மேன்ஹோல் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள், குப்பை அள்ளிய துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் கும்பிடு.

ஆயிலுக்கு மட்டும் காசு வாங்கினீர்கள், கூலியைத் தொடவில்லை. அட்டை இந்நேரம் ஊறிப் பிய்ந்திருக்கும். அதே நாலு வார்த்தையைத் தகரத்தில் பெயின்ட்டால் எழுதிக் கொண்டுவருகிறோம். மாட்டும் இடத்தை மட்டும் நீங்கள் காட்டுங்கள்.