போதை எதிர்ப்பு நாளில் பீடோங் கள்ளுக்கடையைப் பற்றியும் பேசுங்கள்

கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் போதை ஒழிப்பு நிகழ்ச்சி நடத்துகிறீர்கள், நல்லது. ஆனால் போன தடவை ஒரு பள்ளிக்குப் பேச வந்தவர், போதையில் விழுந்தவர்களைக் குடும்ப மானத்தை வாங்குகிறவர்கள் என்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். முன்வரிசையில் இருந்த ஒரு பையனின் அப்பா அப்போது மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அவன் கடைசிவரை தலையைத் தூக்கவே இல்லை.

போதை என்பது தனி மனிதனின் புத்திக்கோளாறு மட்டும்தான் என்றால், ஓர் அரசாங்கமே அதை விற்றுக் கஜானாவை நிரப்பிய கதையை என்ன சொல்வது?

இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார், பீகார் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிட வைத்தார்கள். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபினை உருண்டை பிடித்து, பெட்டிக்கு 40 என்று அடுக்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். 1839இல் சீனா, தன் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த அபினில் 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து அழித்ததும் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. இந்த அபின் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்கூட வந்தது. காய்ச்சினால் சண்டு, அதாவது குழாயில் புகைக்கும் அபின். ஈயலம்பத்து (ஈயச் சுரங்க) முதலாளிகள் அதைச் சீனத் தொழிலாளிக்குக் கடனில் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். வசதியுள்ளவன் புகைத்து முடித்த குழாயில் ஒட்டியிருக்கும் கரியைச் சுரண்டி ஏழைக்கு விற்றதும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபின் பணம். அபின் விற்கும் உரிமையைத் தனியாருக்கு விட்ட குத்தகை முறையை 1910இல் நிறுத்தினார்கள். அப்புறம்? அரசாங்கமே காய்ச்சி விற்றது. இதை எதிர்த்துப் பேசிய பினாங்கு டாக்டர் வூ லியென் தே மீது, மருந்தாக வைத்திருந்த துளி அபினுக்காக வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். திருடனே போலீசைக் கூப்பிட்ட கதைதான்!

சீனருக்கு அபின் என்றால் நமக்குக் கள்ளு. தோட்டத்துக்குள்ளேயே கடை; காலையில் கையில் வாங்கிய சம்பளம் சாயங்காலமே அங்கே போய்விடும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். 1947இல் கள்ளை எதிர்த்த ஹார்வர்டு தோட்டத்துத் தொண்டர் படை இதே பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசிடம் அடி வாங்கியது. இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பேச வருகிறவர்களுக்காவது தெரியுமா?

இன்று நம் பையன்கள் கெத்தும் என்ற போதை தரும் இலையைக் காய்ச்சிய தண்ணீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கிறார்கள். அந்த மருந்துகள் சிலவற்றில் இருக்கும் கோடீன் அபின் வழி வந்ததுதான். இதை மிரட்டாமல் சொன்னால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: இந்த ஆண்டு நிகழ்ச்சியில் அரை மணி நேரம் இந்த வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். கள்ளுக்கடைக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மேடையேற்றுங்கள். போதையிலிருந்து மீண்ட ஒருவர் பேச முன்வந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பழைய படங்களைத் திரட்டித் தருவது என் பொறுப்பு. பள்ளியில் புரொஜெக்டர் வேலை செய்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
பீடோங்கில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை