‘உட்கார்’ என்று சொல்லிவிடாதீர்கள்

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் வணக்கம்.

“துப்பாக்கிக்குத் தமிழில் என்ன?” என்று என் மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். “துப்பாக்கிதான் தமிழ், உட்கார்” என்று பதில் வந்ததாம். அவள் கேட்டது நியாயமான கேள்வி. துப்பாக்கி துருக்கி மொழியிலிருந்து கிளம்பி நம்மிடம் வந்த சொல். சிப்பாய் பாரசீகம். சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியம். எந்தப் பொருள் யார் கையோடு வந்தது என்பது சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வேலூர்ப் புரட்சிப் பாடத்தில் “ஒரு தொப்பிக்காகவா சண்டை?” என்று யாராவது கேட்டால் தயவுசெய்து அதட்டாதீர்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் வெடித்ததை அந்தக் கேள்வியை வைத்தே விளக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களை அணியச் சொன்ன புதுத் தலைப்பாகை பார்வைக்கு ஐரோப்பியத் தொப்பி மாதிரி இருந்தது. வெள்ளைக்காரர்களைத் ‘தொப்பிக்காரர்’ என்றே அழைத்த ஊரில், அதைத் தலையில் வைத்தால் மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வராதா? அதில் தோலும் இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற சந்தேகம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேர உறுத்தியது. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்றும் உத்தரவு. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்ததை இதோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

“போரில் என்ன சாப்பிட்டார்கள்?” என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. உணவைக் கெடாமல் வைக்கும் வழி கண்டதற்காக நிக்கோலா அப்பேருக்கு 1810இல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு தந்தது. அவர் கண்ணாடிப் புட்டியில் அடைத்தார். தகர டப்பாவுக்கு அதே ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது. ஆனால் டப்பா திறக்கும் கருவி 1850களில்தான் வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். பசியோடு ஒரு சிப்பாய் தகரத்தை உளியால் கொத்திக்கொண்டிருப்பதை ஒருமுறை கற்பனை செய்த பிள்ளை, அந்தக் காலத்தை மறக்காது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பிள்ளைகளின் கேள்விகளுக்கென்று ஒரு பக்கம் விடுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம். உடனே பதில் தெரியாவிட்டால் “தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள்.

என் மகள் அடுத்த கேள்வியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: “கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டால், உள்ளே இருந்த குதிரைகளுக்கு யார் புல் கொண்டுவந்தார்கள்?”

அன்புடன்,
ஒரு மாணவியின் அம்மா